மலையம்மாள் தீயில் இறங்கவில்லை

எங்கள் குடும்பத்துச் சாமி தீயில் இறங்கிய சாமி. பெயர் மலையம்மாள். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் புருஷன் சிதையில் ஏறினாளாம். உடம்பு சாம்பலாகிவிட்டது, கட்டியிருந்த கூறைச் சேலையில் மட்டும் ஒரு நூல்கூடக் கருகவில்லையாம். அந்தச் சேலை ஒரு மரப்பெட்டியில் இருக்கிறது. வருஷம் ஒரு தடவை, மாசி மாதம், பங்காளிகள் கூடிப் பெட்டியைத் திறப்பார்கள். சேலையைத் தூக்கிக் காட்டியதும் ஆண்கள் விழுந்து கும்பிடுவார்கள், சுமங்கலிகள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். புருஷனை இழந்த பெண்கள் தெற்கு மூலையில் நின்று பார்த்துவிட்டு, கடைசியில் திருநீறு வாங்கிக்கொண்டு வரவேண்டும்.

வாய் நிறைய எங்கள் சாமி என்கிறேனே தவிர, அது என் புருஷன் வீட்டுச் சாமி. நான் ஜோதிலட்சுமி. ஜெயமங்கலத்தில் பிறந்து கோம்பையில் கேணிக்காரர் வீட்டுக்கு வாக்கப்பட்டவள். புருஷன் முத்துராஜா சின்னமனூர்ப் பக்கம் பைக்கில் போய் அடிபட்டுச் செத்து ஆறு வருஷமாகிறது. அன்றிலிருந்து எனக்கும் தெற்கு மூலைதான். என் மாமியார் மொக்கம்மாள் எனக்கு முன்னாலேயே அங்கே இடம் பிடித்தவர். இருபத்து மூன்று வயதில் மூலைக்குப் போனவர், இப்போது அறுபத்து நாலு. நாங்கள் இருவரும் என் மகள் வேல்விழியும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

போன தை மாதம் நான் வினோத்ராஜைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். வினோத்ராஜ் தேனியில் காய்கறி லாரிகளுக்குப் புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். அவரும் மனைவியை இழந்தவர்தான். அவருக்கு மூன்றாம் மாதமே பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், எந்தச் சாமியும் குறுக்கே வந்து நிற்கவில்லை. எனக்கு மட்டும் பெட்டி குறுக்கே வந்தது.

பெட்டிக்குச் சொந்தக்காரர் மாதிரி நடந்துகொள்பவர் சீனிச்சாமி. மொக்கம்மாளின் புருஷனுக்கு அண்ணன், எனக்குப் பெரிய மாமா. சாமியாடுவதும் அவர்தான், உத்தரவு சொல்வதும் அவர்தான். தானே கேள்வி கேட்டுத் தானே மார்க் போட்டுக்கொள்கிற வாத்தியார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தீயில எறங்குனவ வீட்டுல ரெண்டாந் தாலியா? நடக்காது ஆத்தா. நீ போறதுன்னா போ, நாங்க மறிக்கல. ஆனா பிள்ள எங்க வீட்டு ரத்தம். அத விட்டுட்டுப் போ" என்றார்.

மொக்கம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. என் துணியைத் துவைத்துப் போட்டு, எனக்குக் காய்ச்சல் வந்தால் கால் பிடித்துவிடுகிற மனுஷி, அன்றைக்குப் புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டே இருந்தார்.

சட்டம் என் பக்கம் இருப்பது எனக்குத் தெரியும். மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு காலைப் பஸ்ஸில் ஏறினால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியே செய்யலாம் என்று துணிகூட எடுத்து வைத்தேன். அதைப் பார்த்த வேல்விழி, "அம்மா, நம்ம ஓடிப் போறோமா?" என்று கேட்டாள். பதிமூன்று வயது. அந்தக் கேள்வி என்னை உட்கார வைத்துவிட்டது. ஓடுவதற்கு நான் எதைத் திருடினேன்? நான் ஓடினால், ஓடிப்போனவள் மகள் என்ற பேரோடு அல்லவா அவள் இருக்க வேண்டும். எடுத்து வைத்த துணியைத் திரும்ப மடித்து அலமாரியில் வைத்தேன். போனால் வாசல் வழியாக, பகலில், மகள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கப் போவேன் என்று முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

நான் தேனியில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் டைப் அடிப்பதுதான் வேலை, ஆனால் என் மதிப்பு வேறு ஒன்றில் இருக்கிறது. பழைய மூலப் பத்திரங்களை என்னால் படிக்க முடியும். புள்ளி வைக்காத எழுத்து, ஒன்றோடொன்று ஒட்டிய சொற்கள், தமிழ் எண்கள் எல்லாம் எனக்குப் பழக்கம். ஊர்ப்பக்கம் பழைய எழுத்தென்றால் என்னிடம்தான் வருவார்கள்.

அப்படித்தான் இம்மானுவேல் போன் செய்தார். மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தின் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவர். அந்தக் காலத்து வக்கீல் ஒருவரின் காகிதக் கட்டுகளை அவர் வம்சத்தார் நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு கட்டில் மூன்று கடிதங்கள், ஒரு அக்காள் தம்பிக்கு எழுதியவை. "உங்க பக்கத்து ஊர்ப் பேரா இருக்கும்மா. எனக்குப் பிடிபடலை. போட்டோ அனுப்புறேன், படிச்சுச் சொல்றீங்களா?" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் போட்டோ வந்தது. ஒரு கையில் சாதம். மறு கையில் போன். முதல் வரியில் கோம்பை. இரண்டாம் வரியில் கேணிக்காரர் வீடு. மூன்றாம் வரியில் மலையம்மாள். பிரமாதி வருஷம், தை மாதம் என்று தேதி. அதாவது 1880.

வாயில் வைத்த சாதத்தை விழுங்க மறந்துபோனேன்.

அடுத்த சனிக்கிழமை மதுரைக்குப் போனேன். இம்மானுவேல் கையைக் கழுவச் சொன்னார், பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார். பிறகு ஒரு அட்டைப் பெட்டியிலிருந்து மூன்று தாள்களை எடுத்து வைத்தார். பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து, ஆனால் எழுத்து அழியாமல் இருந்தது. எழுதியவர் ஒரு காப்பித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அவள் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார். அக்காளுக்கு நிலத்தில் பங்கு கேட்பதற்காகத் தம்பி சுருளி அந்தக் கடிதங்களை வக்கீலிடம் கொடுத்திருக்க வேண்டும். வழக்கு நடந்ததா இல்லையா என்பதற்கு அந்தக் கட்டுக்குள் ஒரு காகிதமும் இல்லை.

நான் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். பிறகு சிரித்தேன், இம்மானுவேல் பயந்துபோகிற அளவுக்குச் சிரித்தேன். கண்ணீரும் வந்தது. ஆறு வருஷம் அவளுக்குப் பயந்து மூலையில் நின்றிருக்கிறேன்.

"நகல் வேணும் சார். அதுல உங்க ஆபீஸ் சீல் வேணும்" என்றேன்.

"சீல் எதுக்கும்மா?"

"எங்க ஊர்ல எழுத்த நம்ப மாட்டாக சார். சீலத்தேன் நம்புவாக."

மாசிப் பெட்டி திறப்பு ஒரு வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு வந்தது. கோம்பையிலிருந்தும் வெளியூரிலிருந்தும் பங்காளிகள் முப்பது பேர் கூடியிருந்தார்கள். சீனிச்சாமி பெட்டியைத் திறந்து, சேலையைத் தூக்கிக் காட்டி, சூடம் காட்டினார். வழக்கமாக அந்த நேரத்தில்தான் யாராவது உத்தரவு கேட்பார்கள். கிணறு வெட்டலாமா, பெண் எடுக்கலாமா என்று. நான் தெற்கு மூலையிலிருந்து நடு இடத்துக்கு வந்தேன்.

"நான் உத்தரவு கேக்க வரல. சாமி எழுதுன கடுதாசி எங்கிட்ட இருக்கு. படிக்கிறேன், கேளுங்க" என்றேன்.

யாராவது தடுப்பதற்குள் படிக்க ஆரம்பித்தேன்.

"தம்பி சுருளிக்கு அக்காள் மலையம்மாள் சொல்லி எழுதுவித்தது. நான் உசிரோடு இருக்கிறேன். பயப்பட வேண்டாம், பேய் அல்ல. ஏலக்காய் வாங்க வந்த ஆள் சொன்னான், நான் தீயில் விழுந்ததாக அங்கே பேச்சாம். ஊத்துக்கரையில் எனக்குக் கல்லு நட்டுப் பொங்கல் வைக்கிறார்களாம். பஞ்சத்திலே ஒரு வேளைக் கஞ்சி ஊத்தாதவர்கள் கல்லுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். நல்லது, கல்லாவது பசியாறட்டும். நான் அவர் செத்த மூன்றாம் நாள் ஏத்தப் பாதை வழியாக மலை ஏறி வந்துவிட்டேன். இங்கே காப்பித் தோட்டத்தில் வேலை, கூலி தவறாமல் வருகிறது. குளிர்தான் தாங்கவில்லை. என் கூறைச் சேலை மாமியார் பெட்டியில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி அனுப்பு."

எல்லோரும் சீனிச்சாமி கையில் இருந்த சேலையைப் பார்த்தார்கள். அது ஏன் கருகவில்லை என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

நான் விடவில்லை. இரண்டாம் கடிதத்தையும் படித்தேன். ஒரு வருஷம் கழித்து எழுதியது.

"எனக்குப் போன மாசம் ஆண் பிள்ளை பிறந்தது. தகப்பன் பேர் சங்கிலி, தோட்டத்து மாடுகளைப் பார்க்கிறவர். தாலி கட்டித்தான் இருக்கிறோம். அங்கே யாருக்காவது இதில் வருத்தமானால் மலை ஏறி வந்து என்னிடம் சொல்லச் சொல்லு. ஏத்தம் செங்குத்து. பாதி வழியிலேயே வருத்தம் தீர்ந்துபோகும்."

இரண்டு தாள்களையும் சீனிச்சாமியிடம் நீட்டினேன். "சீல் இருக்கு பெரிய மாமா. பாத்துக்கங்க."

சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டு வாங்கினார். சீல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் படித்தார். அவர் கத்துவார், அடிக்க வருவார், பொய் என்பார் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் செய்ததற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. தாள்கள் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பெட்டிக்குள் சேலைமேல் வைத்தார். திருநீறு தூவினார். சூடம் காட்டினார்.

"ஆத்தா மலையம்மா" என்றார் தழுதழுத்து. "நாங்க உன்னைய நெருப்புல போனவன்னு மட்டும் நெனச்சோம். நீ நெருப்புலருந்து எந்திரிச்சு, மலை ஏறிப் போயி, உசுரோட இருந்திருக்க. சாமின்னா இதுல்ல சாமி."

முப்பது பேரில் இருபத்தைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆதாரத்தைக் கொண்டுவந்து கொட்டினேன், அதற்கும் பூசை போட்டுவிட்டார்கள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "சரி. சாமி ரெண்டாந் தாலி கட்டியிருக்கு. பிள்ளை பெத்திருக்கு. அதுக்கு என்ன சொல்றீக?"

"சாமி செய்யுறத மனுசி செய்ய முடியுமா ஆத்தா?" என்றார் சீனிச்சாமி, ரொம்பப் பிரியமாக. "வேற கடுதாசி இருந்தாலும் குடு. அதையும் பெட்டியில வச்சுருவோம்."

இருந்தது. மூன்றாம் கடிதம் என் பையில்தான் இருந்தது. அதை நான் படிப்பதாகவே இல்லை. அதில் மலையம்மாள் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, என் வழக்குக்கு அது உதவாது என்று அடியில் போட்டு வைத்திருந்தேன். பத்திர ஆபீஸ் புத்தி அது, சாட்சிக்கு ஆகாத காகிதத்தை ஒதுக்கி வைக்கிற புத்தி. இப்போது அதைக் கேட்கிறார், பெட்டிக்குள் போட்டு மூட. கொடுப்பேனா?

"தரமாட்டேன். இது பெட்டிக்கு வந்த கடுதாசி இல்ல. பஞ்சம்மாளுக்கு வந்தது" என்றேன்.

"யாரு பஞ்சம்மா?"

"கேளுங்க."

"தம்பி சுருளிக்கு. என் கொழுந்தனும் பேதியில் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். என் கல்லைக் காட்டி அவன் பெண்டாட்டி பஞ்சம்மாளை மூலையில் உட்கார வைத்திருக்கிறார்களாம். அவளுக்கு வயசு பதினெட்டு. ஆரும் இல்லாத வேளை பார்த்து அவளிடம் போ. அக்காள் கூப்பிடுகிறாள் என்று சொல்லு. தனியே வரப் பயப்படுவாள். வெள்ளிக்கிழமைதோறும் ஏத்தத்தின் மேல் மடக்குத் திருப்பத்தில் நான் இறங்கி வந்து நிற்பேன். கஞ்சி கொண்டு வருவேன். பொழுது சாயுமட்டும் இருப்பேன். வருகிற மூணு மாசமும் வருவேன் என்று சொல்லு. அவள் பாதி ஏறினால் போதும், மீதிக்கு நான் கை கொடுப்பேன்."

படித்து முடித்தேன். யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. சீனிச்சாமி சூடத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

தெற்கு மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவ போனாளா?"

மொக்கம்மாள். நாற்பது வருஷத்தில் அந்த இடத்தில் அவர் வாய் திறந்ததை யாரும் கேட்டதில்லை.

"தெரியல அத்த. அதுக்குப் பெறகு கடுதாசி இல்ல" என்றேன்.

"மூணு மாசம் கஞ்சியோட நின்னாளாமா?"

"நிப்பேன்னு எழுதியிருக்காக."

"போயிருக்க மாட்டா" என்றார் மொக்கம்மாள். "போயிருந்தான்னா எனக்கு யாராச்சும் சொல்லியிருப்பாக. நமக்கு முன்ன ஒருத்தி இப்பிடிப் போனான்னு ஒரு வார்த்தை காதுல விழுந்திருக்கும்."

மூலையை விட்டு வெளியே வந்தார். வழியில் நின்றவர்கள் தானாக விலகினார்கள். சீனிச்சாமிக்கு எதிரே போய் நின்றார்.

"மச்சான். எனக்கு இருவத்து நாலு வயசுல கூடலூர்க்காரக ஒருத்தக என்னையக் கேட்டு வந்தாக. கையில பிள்ளை இருக்குன்னு தெரிஞ்சுதேன் கேட்டாக. அந்தப் பிள்ளையையும் நான் பாத்துக்கிறேன்னாக. ஞாபகம் இருக்கா?"

சீனிச்சாமி தரையைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டியக் காட்டி வாசலோட திருப்பி விட்டீக. நீங்கதேன் விட்டீக. நான் உள்ள கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். சாமி சொன்னாச் சரின்னு இருந்துட்டேன். நாப்பது வருசம் கும்புட்டேன் மச்சான். இவ போயிருவேன்னு சொன்னப்பக்கூட எனக்கு வயித்தெரிச்சலாத்தேன் இருந்துச்சு. நான் இருந்தேன்ல, இவளுக்கு என்னன்னு. அதேன் வாயே தொறக்கல."

என் பக்கம் திரும்பாமலேதான் அதைச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"ஆத்தா கோவிச்சா குடும்பம் தாங்காது மொக்கம்மா" என்றார் சீனிச்சாமி. குரலில் பழைய பலம் இல்லை.

"அவ என்னைக்கு மச்சான் கோவிச்சா? கூப்பிட்டுல்ல இருக்கா. நம்மதேன் அவ வாயில தீய வச்சுட்டோம்."

சொல்லிவிட்டு மொக்கம்மாள் பெட்டிக்குள் கையை விட்டார். புருஷனை இழந்தவள் கை அந்தப் பெட்டிக்குள் போவதை அந்தக் குடும்பம் பார்த்ததே இல்லை. ஒரு கிழவர் "ஏய்" என்று எழுந்தார், பாதியில் உட்கார்ந்துகொண்டார். மொக்கம்மாள் கடிதங்கள் இரண்டையும் எடுத்து, திருநீற்றை உதறி, என்னிடம் கொடுத்தார்.

"எந்த ஆபீசுல எழுதணும், எத்தன நாளாகும்னு கேட்டு வை. வேல்விழி ஒங்கூடத்தேன் வருவா. யாரு மறிக்கிறாகன்னு நான் பாக்குறேன்."

மறிக்க ஆசைப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. அடுத்த ஒரு மாதமும் வீட்டுக்கு ஆள்மேல் ஆள் வந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். மொக்கம்மாள் மூடப் பார்க்கவேயில்லை. வருகிறவர்களை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, மூன்றாம் கடிதத்தை வேல்விழியை விட்டுப் படிக்கச் சொல்வார். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேசவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. கேட்டு முடித்த பிறகு பெரும்பாலும் பேச்சு எழவில்லை. இரண்டு பெண்கள் மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். அதில் ஒருத்தி நகல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

கல்யாணப் பதிவு நாளன்று காலை பத்து மணிக்கு வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தெருவில் இருந்தவர்களெல்லாம் அவரவர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்படி இறங்கினேன். எங்களுக்கு முன்னால் மொக்கம்மாள், கையில் வெற்றிலை பாக்குத் தட்டோடு. புருஷன் இல்லாதவள் எடுக்கக்கூடாத தட்டு அது. தெரு முனையில் நின்ற சீனிச்சாமியைத் தாண்டும்போது ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, "ஏறிக்கிறீகளா மச்சான்?" என்று கேட்டார். அவர் ஏறவுமில்லை, மறுக்கவுமில்லை. "சரி, போப்பா" என்றார் மொக்கம்மாள் ஆட்டோக்காரரிடம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வினோத்ராஜும் அவர் பக்கத்துச் சாட்சிகள் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். என் பக்கத்துச் சாட்சியாக மொக்கம்மாள் உட்கார்ந்தார். எழுத்தர் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

"மாமியா."

"அப்ப மாப்பிள்ளைக்கு அம்மாவா?"

"இல்ல" என்றார் மொக்கம்மாள். "செத்துப்போன மொத மாப்பிள்ளைக்கு அம்மா."

எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தினமும் இப்படி எத்தனையோ பேரைப் பார்க்கிற மனுஷன், அந்த இடத்தில் எதை எழுதுவதென்று தெரியாமல் விழித்தார்.

மொக்கம்மாள் நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சுல்ல? அப்பிடியே எழுதுங்க."